சப்ரசர் மாட்டியதும் முகத்தில் அடிக்கும் புகை: சார்ஜிங் ஹேண்டில் மாற்றினால் போதுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். டெக்சஸில் இருக்கிறீர்கள். 16 அங்குல பேரலும் (குழல்) கார்பைன் நீள கேஸ் சிஸ்டமும் (சுட்ட வாயுவைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றும் ஏற்பாடு, அதில் குட்டை வகை) உள்ள ஏஆர்-15 ரைஃபிள். காத்திருந்து கையில் வாங்கிய சப்ரசரை, அதாவது சத்தம் குறைக்க முனையில் பொருத்தும் குழாயை, மாட்டிச் சுட்ட முதல் நாளே, பத்துத் தோட்டா போவதற்குள் கண் எரிந்து, மூக்கில் அம்மோனியா நெடி ஏறி, கண்ணாடியில் எண்ணெய்ப் புள்ளி. போதாததற்கு நீங்கள் இடது கைக்காரர். சுடும் ரேஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில், விலை கூடிய ஒரு சார்ஜிங் ஹேண்டிலை (ரைஃபிளின் பின்பக்கம் போல்ட்டைக் கையால் இழுக்கும் பிடி) வாங்கச் சொல்கிறார்கள். அதை வாங்கலாமா என்பது உங்கள் கேள்வி.

கேட்டது அதுவானாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு என்று நினைக்கிறேன். இந்த வாயு எந்த வழியாக வருகிறது, வரும் வழியை அடைப்பதா வரவையே குறைப்பதா, இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா, இந்த மூன்றும்தான். சார்ஜிங் ஹேண்டில் இரண்டாவது கேள்வியின் ஒரு மூலை மட்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி: படித்தது மெக்கானிக்கல். பன்னிரண்டு வருஷமாக அரிசோனாவில் வார இறுதிப் போட்டிகளில் சுடுகிறேன், அதில் பாதிக்கு மேல் சப்ரசரோடு. தொழில்முறைத் துப்பாக்கிப் பழுதுபார்ப்பவன் அல்ல. என் ரைஃபிள்களையும் நண்பர்கள் நாலைந்து பேருடையதையும் சரிசெய்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் துப்பாக்கியை நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் எழுதும்போது வாயுவும் கேஸ், தோட்டாவின் பித்தளைக் கூடும் கேஸ். போலீஸ் போடுவதும் கேஸ்தான். அதனால் இங்கே முதலாவதை வாயு என்றும் இரண்டாவதை உறை என்றும் சொல்கிறேன். கேஸ் பிளாக், கேஸ் ட்யூப் போன்ற பாகப் பெயர்களை மட்டும் அப்படியே விடுகிறேன்.

சரி, உள்ளே நடப்பது என்ன? யூஜின் ஸ்டோனருக்கு 1960-ல் காப்புரிமை கிடைத்த ஏற்பாடுதான் இன்றும் உங்கள் ரைஃபிளில் இருக்கிறது. குண்டு பேரலுக்குள் ஓடும்போது வழியில் ஒரு சிறு துளையைத் தாண்டுகிறது. அந்தத் துளை வழியே கொஞ்சம் வாயு மேலே ஏறி, கேஸ் ட்யூபில் பின்னோக்கி வந்து, போல்ட் கேரியருக்குள் நுழைகிறது. போல்ட் என்பது தோட்டா உட்காரும் சேம்பரைப் பின்னாலிருந்து பூட்டி மூடும் துண்டு, கேரியர் அதைச் சுமந்து முன்னும் பின்னும் ஓடுவது. அங்கே போல்ட்டின் வாலுக்கும் கேரியரின் சுவருக்கும் நடுவே விரிந்து, கேரியரைப் பின்னால் தள்ளுகிறது. கேரியர் கொஞ்ச தூரம் நகர்ந்த பிறகுதான் போல்ட் திரும்பிப் பூட்டு விடுகிறது. வேலை முடிந்த வாயு கேரியரின் வலப்பக்கத் துளைகள் வழியே, உறை வெளியே விழும் எஜெக்‌ஷன் போர்ட் பக்கம் வெளியேறுகிறது. அதாவது வலது கைக்காரரின் முகத்துக்கு எதிர்ப்பக்கம். உங்கள் முகத்துக்கு நேர்பக்கம்.

சப்ரசர் இல்லாதபோது குண்டு முனையை விட்டுப் போனதும் பேரலுக்குள் இருக்கும் அழுத்தம் சட்டென்று வெளிக்காற்றில் கலந்து விழுந்துவிடும். போல்ட் பூட்டு விடும் நேரத்தில் உள்ளே பெரிதாக மிச்சம் இருக்காது. சப்ரசர் செய்வது இதற்கு நேர் எதிர் வேலை. வாயுவைச் சட்டென்று விடாமல், தடுப்புகளுக்கு இடையே சுழலவைத்து, ஆறவைத்து, மெதுவாக விடுவதால்தான் சத்தம் குறைகிறது. அந்த நேரம் முழுக்கப் பேரலுக்குள்ளும் அழுத்தம் தங்குகிறது. இதனால் ஒன்றோடு ஒன்று சேர்ந்து இரண்டு கெடுதல் நடக்கிறது. துளை வழியே வாயு இன்னும் கொஞ்ச நேரம் பாய்வதால் கேரியர் வேகமெடுத்து போல்ட் சீக்கிரம் திறக்கிறது. பேரலில் அழுத்தம் அதிக நேரம் இருப்பதால் அது தாமதமாகத் திறந்திருக்க வேண்டும். தாமதிக்க வேண்டிய இடத்தில் அவசரப்படுகிறது.

ஆவி அடங்கும் முன் குக்கர் மூடியைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுதான் இது. வாயு வந்த வழியே திரும்பி, சேம்பர் வழியாக, போல்ட் ஓடும் கூடான ரிசீவருக்குள் பீறிட்டு, எஜெக்‌ஷன் போர்ட், தோட்டா வைக்கும் மேகசினின் வாய், சார்ஜிங் ஹேண்டிலின் இடுக்கு என்று கிடைத்த சந்தில் எல்லாம் வெளியே வருகிறது. கேஸ் ட்யூபில் மிச்சமிருந்ததும், கேரியர் பின்னால் போய் ட்யூபின் வாய் திறந்துகொண்டதும், அதே ரிசீவருக்குள்தான் கொட்டுகிறது. ஆனால் பெரும்பங்கு பேரல் வழியாக வருவது என்பது என் உறுதியான கருத்து. அதற்கு இரண்டு சாட்சி உண்டு. ஒன்று, போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். அதே சப்ரசரை அதில் மாட்டிச் சுடுங்கள், முகத்தில் ஒன்றும் வராது. நீங்கள் கையால் போல்ட்டைத் திறப்பதற்குள் அழுத்தம் முழுக்க வடிந்திருக்கும். இரண்டு, எச்கே416 போன்ற பிஸ்டன் ரைஃபிள்கள். அவற்றில் கேரியருக்குள் வாயுவே போவதில்லை. பிஸ்டன் முன்னாலேயே தன் வேலையை முடித்து வாயுவை அங்கேயே விட்டுவிடுகிறது. இருந்தும் சப்ரசர் மாட்டினால் அவற்றிலும் முகத்தில் வாயு அடிக்கத்தான் செய்கிறது. 'பிஸ்டனுக்கு மாறிவிடு, பிரச்சினை போய்விடும்' என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. நோய் இருப்பது போல்ட் திறக்கும் நேரத்தில். சார்ஜிங் ஹேண்டில் என்பது குக்கரின் கேஸ்கெட் மாதிரி. நல்லதாக இருந்தால் ஆவி அந்தப் பக்கம் வராமல் இன்னொரு பக்கம் போகும், அவ்வளவுதான். வலது கைக்காரருக்கு அந்த 'இன்னொரு பக்கம்' முகத்திலிருந்து விலகிய பக்கம், அதனால் அவர்களுக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும். ரேஞ்சில் உங்களுக்கு யோசனை சொன்னவர்கள் எல்லாரும் வலது கைக்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள். உங்களுக்கு எஜெக்‌ஷன் போர்ட்டே முகத்தைப் பார்த்து இருக்கிறது. பின்பக்க இடுக்கை அடைத்தால் அந்தப் பங்கும் சேர்ந்து போர்ட் வழியாக வரும். இடது கை நண்பர் ஒருவர் இதே யோசனையைக் கேட்டு வாங்கி, மறு வாரம் அதே எரிச்சலோடு என்னிடம் வந்தார்.

அவருடைய ரைஃபிளைப் பார்த்த அன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், உங்களுடையதும் ஏறக்குறைய அதே அமைப்பு. முதலில் சப்ரசரைக் கழற்றிவிட்டு இருபது தோட்டா சுடச் சொன்னேன். உறைகள் எங்கே விழுகின்றன என்று பார்த்தோம். துப்பாக்கி முனை 12 மணி என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணித் திசையில், முன்னால் தள்ளி விழுந்தன. உறை இப்படி முன்னால் விழுவது கேரியர் வேகமாக ஓடுவதன் அடையாளம். அதாவது சப்ரசர் இல்லாமலே கேரியர் அவசரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சப்ரசரோடு சுட்ட உறைகளைப் பொறுக்கி அடிப்பாகத்தைப் பார்த்தோம். போல்ட்டின் முகத்தில், உறையை வெளியே எறியும் எஜெக்டர் இருக்கும் துளையின் வட்டத்தில் பித்தளை புடைத்து, அது வழிந்து தேய்ந்த பளபளப்பு. விளிம்பில், உறையை இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் பிடித்த இடம் லேசாக வளைந்திருந்தது. உறை இன்னும் அழுத்தத்தில் சேம்பர் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே பிடித்து இழுத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு முறை போல்ட், மேகசினில் இருந்து அடுத்த தோட்டா மேலே ஏறி வருவதற்குள் அதைத் தாண்டி முன்னால் ஓடிவிட்டது. முகத்தில் அடித்த புகை இந்தப் பட்டியலில் ஒரு வரிதான்.

உறை விழும் திசையை வைத்து ஜோசியம் சொல்வதில் எனக்கு முழு நம்பிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஜெக்டர் ஸ்பிரிங் பலமாக இருந்தாலும், உறை மோதித் திரும்பும் மேட்டின் வடிவம் மாறினாலும் திசை மாறும். ஒரே ரைஃபிளில் தோட்டாவின் பிராண்டை மாற்றினாலே ஒரு மணி நேரத் திசை தள்ளிப்போவதைப் பார்த்திருக்கிறேன். உறையின் அடிப்பாகம் சொல்லும் சாட்சியைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

ரைஃபிள் ஏன் இப்படி வருகிறது? 16 அங்குல பேரலுக்குக் கார்பைன் நீளம் பொருத்தமான ஜோடி அல்ல. கார்பைன் நீளத்தில் துளை சேம்பருக்கு ஏழெட்டு அங்குலத்திலேயே இருக்கிறது, அங்கே அழுத்தம் மிக அதிகம். துளையைத் தாண்டிய பிறகும் குண்டு ஓட வேண்டிய தூரம் நீளமாக இருப்பதால், அந்த நேரம் முழுக்க வாயு பாய்கிறது. அமெரிக்க ராணுவத்தின் எம்4 ரைஃபிளில் இதே நீள ஏற்பாடுதான், ஆனால் பேரல் 14.5 அங்குலம், துளை சுமார் 1.6 மில்லிமீட்டர். கடையில் விற்கும் ரைஃபிள்களில் பல கம்பெனிகள் துளையைத் தாராளமாகப் போடுகின்றன. மலிவான, பலம் குறைந்த இரும்பு உறைத் தோட்டாவிலும் நிற்காமல் ஓட வேண்டும், இல்லாவிட்டால் வாங்கியவர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். வியாபாரத்தில் அது நியாயம்தான். ஆனால் துளையின் விட்டம் 1.6-இல் இருந்து 2 மில்லிமீட்டர் ஆனால், பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அந்த 0.4 மில்லிமீட்டர்தான் சப்ரசர் மாட்டிய அன்று முகத்தில் தெரிகிறது.

இனி வைத்தியம். உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் தொடுவது பஃபர், அதாவது கேரியருக்குப் பின்னால் ஸ்பிரிங்கோடு சேர்ந்து நகரும் எடை. காசும் குறைவு, ஐந்து நிமிஷ வேலை, பிடிக்கவில்லை என்றால் திருப்பி மாற்றிக்கொள்ளலாம். சாதாரணக் கார்பைன் பஃபர் சுமார் 3 அவுன்ஸ், அதாவது 85 கிராம். எச்2 என்று முத்திரை குத்தியது 130 கிராமுக்குப் பக்கம், எச்3 அதற்கும் மேல். போல்ட்டோடு சேர்ந்த கேரியர் ஏறக்குறைய 330 கிராம் என்று வைத்தால், எச்2-க்கு மாறும்போது நகரும் மொத்த எடை 415-இல் இருந்து 460 கிராம் ஆகிறது. பதினொரு சதவீதம் கூடுதல். அதே உந்துதலுக்கு வேகம் கிட்டத்தட்ட அதே அளவு குறையும், போல்ட் திறப்பதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போகும். கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது, உதவி உண்டு, அற்புதம் இல்லை. ஸ்பிரிங் சோர்ந்து போயிருந்தால் அதையும் புதிதாக்குங்கள். இன்னும் விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டு ஈடுகட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அது கேரியரை முன்னால் திருப்பி அனுப்பும் வேகத்தையும் கூட்டுகிறது, திறக்கும் நேரத்தைப் பெரிதாகத் தள்ளுவதில்லை. எடைதான் மேல்.

வேரைத் தொடும் வைத்தியம் அட்ஜஸ்டபிள் கேஸ் பிளாக். கேஸ் ட்யூபுக்குள் போகும் வாயுவையே ஒரு திருகால் குறைக்கிறோம். இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, வழியைக் குறுக்குவது. இன்னொன்று, அதிகப்படியை வெளியே கொட்டிவிடுவது. வெளியே கொட்டும் வகையில் கரி சேர்ந்து திருகு இறுகுவது குறைவு. குறுக்கும் வகை எளிமையானது, ஆனால் பராமரிக்காவிட்டால் பழிவாங்கும். என் முதல் கேஸ் பிளாக்கை ஒரு வருஷம் தொடாமல் விட்டேன். பிறகு குளிர்காலத்தில் கொஞ்சம் திறக்கலாம் என்று போனால் கரி சிமெண்ட் மாதிரி பிடித்திருந்தது. ஆலன் கீயின் முனை உள்ளேயே முறிந்தது. கடைசியில் பிளாக்கையே கழற்றி எறிந்தேன். அது முதல் இருநூறு முன்னூறு தோட்டாவுக்கு ஒருமுறை திருகை இரண்டு பக்கமும் ஆட்டிவிட்டு அதே கிளிக்கில் நிறுத்துகிறேன். குறுக்கும் வகை வாங்கினால் உங்கள் ரேஞ்ச் பையில் அதற்கான கீ எப்போதும் இருக்க வேண்டும்.

சரிசெய்யும் முறை இதுதான். சப்ரசரை மாட்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வழக்கமாகச் சுடுவதில் பலம் குறைந்த தோட்டாவை எடுங்கள், பலமானதை வைத்துச் சரிசெய்தால் மலிவானதில் நிற்கும். திருகை முழுக்க மூடிவிட்டு, மேகசினில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுச் சுடுங்கள். போல்ட் சரியாகப் பின்னால் வராது. கையால் இழுத்து உறையை எடுத்துவிட்டு, ஒரு கிளிக் திறந்து மறுபடியும் ஒன்று. இப்படிப் போய், காலி மேகசினில் போல்ட் பின்னால் வந்து பூட்டி நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். அதே இடத்தில் ஐந்து தடவை தவறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதற்கு மேல் இரண்டு கிளிக் திறந்து விடுங்கள். அந்த இரண்டு கிளிக் அழுக்குக்கும் குளிருக்கும் விட்ட இடம். பேராசைப்பட்டு அதையும் மூடாதீர்கள். சுத்தமான ரைஃபிளில் மத்தியான வெயிலில் ஓடுவது, முன்னூறு தோட்டா கரியோடு ஜனவரிக் காலையில் ஓடாது. இன்னொன்று, இப்படிச் சரிசெய்தபின் சப்ரசரைக் கழற்றிச் சுட்டால் ரைஃபிள் ஓடாமல் போகலாம். அப்போது திருகைத் திறக்க வேண்டும். இரண்டு விதமாகவும் அடிக்கடி சுடுபவர் என்றால், கையாலேயே நிலை மாற்றும் நெம்புகோல் உள்ள பிளாக் வாங்குவது நல்லது.

நண்பரின் ரைஃபிளில் எச்2 பஃபரும் கேஸ் பிளாக்கும் சேர்ந்தபின் உறைகள் நாலு மணித் திசைக்கு வந்தன, அடிப்பாகத்துத் தேய்மானம் போனது, உதை மெத்தென்று ஆனது. புகை பாதிக்கு மேல் குறைந்தது என்று அவர் சொன்னார். முழுக்கப் போகவில்லை. இதை நீங்களும் எதிர்பார்த்தே செலவு செய்யுங்கள். கேரியரை எவ்வளவு நிதானப்படுத்தினாலும், பேரலில் தேங்கிய அழுத்தம் முழுக்க வடியும் வரை அது காத்திருக்காது. அவ்வளவு காத்திருந்தால் உறையை வெளியே எறியவும் அடுத்த தோட்டாவை ஏற்றவும் அதனிடம் தெம்பு இருக்காது.

மிச்சத்தைக் குறைக்க வேண்டுமானால் சப்ரசரையே பார்க்க வேண்டும். வாயுவைத் தேக்காமல் சுழல்பாதைகள் வழியே முன்னோக்கி நடத்திவிடும் வகை இப்போது பல கம்பெனிகளிடம் இருக்கிறது. ஓஎஸ்எஸ் என்ற பெயரில் இருந்து பிறகு ஹக்ஸ்வொர்க்ஸ் (HUXWRX) ஆன கம்பெனி இதில் முன்னோடி. இவற்றை மாட்டினால் ரைஃபிளில் ஒன்றையும் மாற்றாமலே வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரிந்தவரை இடது கைக்காரருக்கு இதைவிடப் பெரிய நிவாரணம் வேறில்லை. விலையாகக் கொடுப்பது, முனையில் கொஞ்சம் கூடுதல் சத்தம், சிலவற்றில் கூடுதல் நெருப்பு வெளிச்சம். ஆனால் சத்தக் கணக்கு அவ்வளவு சுலபம் அல்ல. விளம்பரத்தில் போடும் டெசிபல் பெரும்பாலும் முனைக்குப் பக்கத்தில் மைக் வைத்து எடுத்தது. சுடுபவரின் காதுக்கு எஜெக்‌ஷன் போர்ட்டில் இருந்து வரும் சத்தமும் சேர்கிறது. வாயுவைப் பின்னால் தள்ளாத சப்ரசர் முனையில் சத்தமாக இருந்தும் உங்கள் காதில் சமமாகவோ குறைவாகவோ கேட்கலாம். அதிலும் உங்கள் காது போர்ட் பக்கம். எண்ணை நம்பி வாங்காமல், யாரிடமாவது இரவல் கேட்டு அவர்கள் முன்னிலையில் பத்துத் தோட்டா சுட்டுப் பாருங்கள்.

ஒன்று வாங்கிவிட்டீர்கள், அதை விற்று மாற்றுவது அங்கே லேசான காரியம் இல்லை என்பதும் தெரியும். சப்ரசரைப் பதிவு செய்யச் சொல்லும் 1934-ஆம் வருஷ ஃபெடரல் சட்டத்தின் கீழ் பதிவு, காத்திருப்பு எல்லாம் மறுபடியும். அதே சட்டத்தின் 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் சப்ரசருக்குப் பூஜ்யம் ஆகிவிட்டது, ஆனால் பதிவு அப்படியே இருக்கிறது. அதனால் இப்போதைக்குப் பஃபர், கேஸ் பிளாக். இரண்டாவது சப்ரசர் வாங்கும் நாள் வந்தால் அப்போது முன்னோக்கி விடும் வகை. இந்த வரிசையைத்தான் நான் சொல்வேன். வாங்கிய சப்ரசரின் உள்ளே கைவைத்துத் தடுப்புகளை மாற்றலாம், துளையைப் பெரிதாக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது ஃபெடரல் குற்றமாகலாம். குண்டு தடுப்பில் உரசினால் சப்ரசரே பிளக்கவும் கூடும்.

சார்ஜிங் ஹேண்டிலுக்குத் திரும்பி வருகிறேன். வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பின்பக்க இடுக்கை அடைக்கும் மேடு வைத்த ஹேண்டில்கள் வேலை செய்கின்றன. அமெரிக்க ராணுவத்தின் எம்கே12 ரைஃபிளில்கூட அப்படி ஒன்று இருந்தது. ஆனால் அது கடைசிப் படி. அதற்கும் முன்னால், ஐந்தாறு டாலர் ஆர்டிவி சிலிகானில் பார்த்துவிடலாம். காரில் கேஸ்கெட்டுக்குப் போடுகிறோமே, அதே சூடு தாங்கும் சிலிகான்தான். இப்போதிருக்கும் ஹேண்டிலை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, ரிசீவரின் பின்விளிம்பு வந்து உட்காரும் உள்மடிப்பில் ஒரு கோடு இழுத்து, இரவு முழுக்கக் காயவிட்டு, பிதுங்கியதைப் பிளேடால் சீவிவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் பலன் விலை கூடியதற்கு அவ்வளவு ஒன்றும் பின்னால் இல்லை.

காசே இல்லாத விஷயங்களும் உண்டு. கேரியரில் எண்ணெயை ஊற்றிக்கொண்டு போகாதீர்கள். கண்ணாடியில் தெளித்ததாகச் சொன்னீர்களே, அது நீங்கள் போட்ட எண்ணெய்தான். உராயும் இடங்களில் மட்டும் கொஞ்சம் கெட்டியானதைத் தடவினால் போதும். எதிர்க்காற்றில் நின்று சுட்டால் வந்த புகை முகத்திலேயே நிற்கும். இடம் மாற்ற முடிந்தால் பக்கவாட்டுக் காற்று வாங்கும் லேனாகப் பாருங்கள். கூரையும் பக்கச் சுவரும் உள்ள பெஞ்சில் நிலைமை எப்போதும் மோசம். இன்டோர் ரேஞ்சில் சப்ரசரோடு நீண்ட நேரம் சுடுவதை நான் நிறுத்தியே விட்டேன். பக்கமும் மேலும் மூடிய கண்ணாடி கட்டாயம். காதுக்கவசத்தைக் கழற்ற வேண்டாம். சப்ரசர் இல்லாமல் 165 டெசிபலைத் தொடும் சத்தம், மாட்டினால் 135, 140 பக்கம் இறங்குகிறது, அவ்வளவுதான். அது காதுக்குப் பாதுகாப்பான அமைதி இல்லை. குண்டு ஒலியைவிட வேகமாகப் போகும்போது எழும் வெடிப்பொலியைச் சப்ரசர் தொடவே முடியாது.

கடைசியாக உடம்பு. இங்கே நான் டாக்டர் இல்லை, எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். வரும் வாயுவில் கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, நுண்ணிய செம்புத் துகள் எல்லாம் உண்டு. எனக்குக் கவலை தருவது ஈயம். சாதாரணத் தோட்டாக்களின் பிரைமரில் (உறையின் அடியில் தீ மூட்டும் பகுதி) ஈயச் சேர்மம் இருக்கிறது, பல குண்டுகளின் அடிப்பாகத்தில் ஈயம் திறந்தே இருக்கிறது. அது நெடி அடிக்காது, கண்ணை எரிக்காது, அதனால் கவனத்துக்கு வராது. கண் எரிச்சல் போய்விட்டது என்பதற்காக ஈயமும் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. மாதம் ஒருமுறை வெட்டவெளியில் அறுபது தோட்டா சுடுபவருக்கும், வாரம் இரண்டு தடவை இன்டோரில் சுடுபவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. நீங்கள் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியும். ரத்தத்தில் ஈய அளவு பார்க்க டாக்டரிடம் கேட்டால் எழுதித் தருவார், சின்னப் பரிசோதனை. நான் வருஷம் ஒருமுறை பார்க்கிறேன். ஈயம் இல்லாத பிரைமர், முழுக்க மூடிய குண்டு உள்ள தோட்டாவும் கிடைக்கிறது, விலை கூடுதல்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குழந்தைகளின் ரத்தத்தில் கவனிக்க வேண்டிய ஈய அளவை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021-இல் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமில் இருந்து 3.5 ஆகக் குறைத்தது. அவ்வளவு சின்ன அளவு. ரேஞ்சில் போட்ட சட்டையோடு வந்து பிள்ளையைத் தூக்குவது, அதை வீட்டுத் துணியோடு சேர்த்து மெஷினில் போடுவது, அதே ஷூவோடு கார்ப்பெட்டில் நடப்பது, மூன்றும் வேண்டாம். நான் காரிலேயே சட்டையை மாற்றிப் பையில் போட்டுவிடுகிறேன். சுட்டு முடித்ததும் கையையும் முகத்தையும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவாமல் வடையோ பர்கரோ வாயில் வைப்பதில்லை. தாடி இருந்தால் அதையும் கழுவுங்கள், கரி அங்கேதான் தங்குகிறது.

அடுத்த முறை எழுதும்போது இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். பஃபரை வெளியே எடுத்து அதன் முகப்பில் எச் என்றோ எச்2 என்றோ முத்திரை இருக்கிறதா, இல்லை வெறுமையாக இருக்கிறதா? சப்ரசரோடு சுட்ட ஐந்து உறைகளின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்துப் போட முடியுமா? அதைப் பார்த்தால் கேஸ் பிளாக்குக்குக் காசு செலவழிக்க வேண்டுமா, பஃபரோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று ஓரளவு தெளிவாகச் சொல்ல முடியும்.